நளம்

டெலீட் பட்டன் மேல் விரலை வைத்துவிட்டு, அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

மூன்று வருட மானப் பிரச்சினை. அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரி.

தனியாக வசிப்பவர்கள் காலையில் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் சொந்தக்காரர்களுக்கு "நலம்" என்று செய்தி போகும். அவ்வளவுதான் அவர்களுடைய செயலி. போன் பக்கத்து நிரலை எதிர் மேசைக்காரன் எழுதினான். சர்வர் பக்கம் இவளுடையது. சர்வர் வேலை என்றதும், எந்த ஓட்டலில் என்று சித்தி கேட்டாள்.

இரண்டு பக்கமும் ஒரே பாஷை பேச வேண்டுமே என்று சொற்களை ஒரு பொதுக் கோப்பில் வைத்தார்கள். அதை எழுதியவள் இவள். "நலம்" என்று அடிக்க வேண்டிய இடத்தில் "நளம்" என்று அடித்துவிட்டாள்.

போனும் நளம் என்றது. சர்வரும் நளம் என்று தலையாட்டியது. செயலி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அடுத்த பதிப்பில் திருத்தியாயிற்று. ஆனால் பழைய பதிப்பு வைத்திருக்கும் போன்கள் நளம் என்றுதானே சொல்லும்? அதையும் நலமாகப் புரிந்துகொள்ள சர்வரில் ஒரு வரி சேர்த்தாள். அன்றிலிருந்து ஆபீசில் அவள் பெயரே நளம்.

அந்த வரி இருக்கும்வரை வெள்ளிதோறும் இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பழைய பதிப்பைச் சோதிக்க வேண்டும். இவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். எதிர் மேசைக்காரன் இரண்டு காபியோடு முன்னாலேயே வந்து காத்திருப்பான்.

பழைய போன்கள் குறைந்துகொண்டே வந்து, எட்டு மாதமாக மிச்சம் ஒன்றே ஒன்று. தினமும் காலை ஒன்பது ஐந்துக்கு, தப்பாமல், நளம்.

"பாவம், யாரோ பெரியவர். புதுப்பிக்கத் தெரியல போல. இருந்துட்டுப் போகட்டுமே" என்பான் அவன், ஒவ்வொரு முறையும்.

அவளுக்கும் மனசு கேட்காது. வரியை அழித்தால் பெரியவரின் நளம் எங்கேயும் போய்ச் சேராது. அவர் பிள்ளைகள் பதறிப்போவார்கள்.

இன்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார், சாயங்காலத்துக்குள் அந்த வரி இருக்கக் கூடாது என்று.

அவள் விரலை எடுத்தாள். பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே அழிக்கலாம். அந்த ஒரு போனுக்கு மட்டும் செய்தி தட்டினாள்: ஐயா, செயலியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் நானே நேரில் வருகிறேன்.

அனுப்பினாள்.

எதிர் மேசை இழுப்பறைக்குள் டிங் என்றது.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே போனது. இழுப்பறை இடுக்கில் ஒரு சார்ஜர் ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அந்தக் கடைசிப் போன் அங்கேதான் இருந்திருக்கிறது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இல்லாத கிழவருக்காக எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறாள்! அப்புறம் அந்த இரண்டு காபி ஞாபகம் வந்தது.

"பெரியவர் நளமா இருக்காரா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் வரியை அழிக்கவில்லை. அதன் தலைமாட்டில், மேலாளர் படிப்பதற்காக ஒரு குறிப்பு எழுதினாள்: அழிக்க வேண்டாம். இது இன்னும் ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

படித்துப் பார்த்தாள். ஒரு சொல்லில் பிழை இருந்தது.

"இருவருக்கு" என்று திருத்தினாள்.