உத்தரவு இருக்கா, சார்?

“வலிப்பு மாத்திரை வாங்கறவங்க லிஸ்ட்டு ஒண்ணு வேணும் சார். யார் யார்கிட்ட வண்டி ஓட்டற லைசென்ஸ் கீதுன்னு பாக்கணும்” என்றார் அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி திருவேங்கடம்.

வீட்டுக்கே மருந்து அனுப்பும் கம்பெனி அது. அதன் நாவலூர் கிளைக்கு சுப்புராமன் மேனேஜர்.

“உத்தரவு இருக்கா, சார்?”

“அதெல்லாம் பின்னாடி வரும். மேலிடத்துல அவசரமா கேக்கறாங்க.”

“அப்ப லிஸ்ட்டும் பின்னாடியே வரும்.”

“இன்னா பேஜாரு சார் இது! மடியில கனமில்லேன்னா வழியில இன்னா பயம்?”

“மடி என்னுது இல்லையே! நம்மள நம்பி மருந்து வாங்கறவங்களோடது. கோர்ட்டு காகிதம் கொண்டாங்க, மறு பேச்சு இல்லாம குடுக்கறேன்.”

திருவேங்கடம் முறைத்துக்கொண்டே எழுந்து போனார். பக்கத்து சீட்டு சிநேகா கைதட்டாத குறை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா!

சுப்புராமனின் போன் அடித்தது. மனைவி தெய்வநாயகி.

“என்னங்க, சங்கரிக்குப் பாத்த அந்தப் பையனுக்கு செங்கல்பட்டுல வேற பொண்ணு நிச்சயமாயிடுச்சாம். நம்ம பொண்ணு காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கா. எவ்வளவு ஆசையா இருந்தா! இன்னொரு ஜோசியர்கிட்டயாவது ஜாதகத்தைக் காட்டியிருக்கலாம் நீங்க.”

“எல்லாம் அவ நல்லதுக்குத்தான். வந்து பேசறேன்” என்று வைத்தார்.

சிநேகாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நல்ல வேளை சார், நீங்க குடுக்கல. அவர் கேட்டதுமே பயந்துபோய் லிஸ்ட்டை எடுத்துட்டேன். முதல் பேரே ரோஹித்னு ஒருத்தர். பாவம், அவர் லைசென்ஸ்தான் முதல்ல போயிருக்கும்.”

சுப்புராமன் நிமிர்ந்தார். “வலிப்பு இருக்கறவர் வண்டி ஓட்டலாமாம்மா?”

“அவருக்கு எங்க சார் வலிப்பு? சீட்டு குடுக்க இங்க வருவார், குண்டுக்கல்லாட்டம் இருப்பார். டாக்டர் சீட்டெல்லாம் சின்னப் பசங்க பேர்ல இருக்கு. டெலிவரி விலாசத்தைப் பாருங்க, திருக்கழுக்குன்றம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம். மாசாமாசம் இவர் வாங்கி அனுப்பறார்.”

“விலாசமா?”

எழுந்து வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதே போன் நம்பர். அதே ரோஹித்.

“ஏன் சார், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?”

என்னத்தைச் சொல்வார்? போன மாசம், யார் உத்தரவும் இல்லாமல், இதே கம்ப்யூட்டரில் மாப்பிள்ளைப் பையனின் போன் நம்பரைத் தட்டி, மாத்திரையின் பேரை மட்டும் படித்துவிட்டு, ‘ஜாதகம் பொருந்தலை’ என்று சங்கரியின் கல்யாணத்தை நிறுத்தியவர் அவர்தானே!