தலைவர் பிடித்த புற்று

ஊர்ச் சர்க்கரையைச் சுரண்டும் சிவப்பெறும்புகளின் புற்றைப் பிடிக்கும்வரை தூங்குவதில்லை என்று கட்டெறும்புத் தலைவர் தணிகாசலம் சபதம் செய்திருந்தார். பல நாள் கண்விழித்தவர், இன்று காலை ஒரு புற்று வாசலில் படையை நிறுத்தினார்.

“எதிரி உள்ளேதான் இருக்கிறான்! மண்ணைத் தள்ளி மூடுங்கள்!”

படையில் இருந்த அஞ்சலை எறும்பு ஓடிவந்து வாசலை மறித்தாள். உள்ளே அவளுடைய முட்டைகள் இருந்தன.

“தலைவரே, இது நம்ம வீடு.”

“துரோகி! எதிரியின் வீடு எனக்குத் தெரியாதா?”

நமக்காக விழித்துத்தானே இப்படி ஆனார் என்று அவளுக்கு மனம் இளகியது.

“உங்க குரலைக் கேட்டதுமே எதிரி ஓடிட்டான் தலைவரே. புற்று நம்ம கையில. உள்ளே வந்து படுங்க.”

தணிகாசலம் தம் வீட்டுக்குள்ளேயே வெற்றிவீரராக நுழைந்து, குறட்டை விட்டார்.

“கோஷம் போடாதீங்கடா,” என்றாள் அஞ்சலை, வெற்றி முழக்கமிடப் போன படையினரிடம். “தூங்கி எழட்டும். சரியான புற்றை அவரே காட்டுவார்.”