புதன்கிழமைச் சாவு

மாரிமுத்துவின் தலைமாட்டில் நிரோஜா விளக்கை ஏற்றி வைத்தபோது காலை பத்து மணி. எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், முன்காம்பரா அறையில் அவர் பாயில் நீட்டிப் படுத்திருந்தார். முகம்வரை வெள்ளைப் போர்வை. வெளியே பாதையோரம் வெள்ளைக் கொடிகள், நிரோஜா தன் மகளின் பழைய ஸ்கூல் சட்டையிலிருந்து கிழித்துக் கட்டியவை.

பாப்பம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதருக்காக ஒரு சொட்டுக்கூட வராதது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"வந்துட்டான் அக்கா" என்றாள் நிரோஜா.

பாப்பம்மா செத்துப்போன மாட்டை நினைத்தாள். அழுகை பீறிட்டு வந்தது.

அந்த மாட்டுக்காகத்தான் கடன் எடுத்தாள். நிரோஜாவையும் சேர்த்து ஐந்து பெண்கள் கொண்ட கடன் குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். மாடு ஆறாம் மாதமே செத்துப்போனது. கடன் மட்டும் புதன்கிழமை தவறாமல் வந்து தீனி கேட்டது.

மூன்று தவணை பாக்கி. இந்தப் புதனும் கட்டாவிட்டால் நிரோஜா வீட்டு வாசலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று போன வாரமே சொல்லியிருந்தான், மாத்தளையிலிருந்து வரும் கடன் கம்பனி வசூல்காரன் சசிக்குமார். தோட்டத்துச் சம்பளமோ வெள்ளிக்கிழமைதான்.

சசிக்குமார் ஹெல்மட்டைக் கழற்றினான். சப்பாத்தையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"ஐயோ, மாமாவா? போன கிழமைகூட என்கிட்ட பீடிக்குக் காசு கேட்டாரே!"

"நெஞ்சு வலிக்குதுன்னாரு சேர். தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." நிரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் ஏரியாவுல இந்த மாசம் இது மூணாவது சாவு. மூணும் புதன்கிழமை."

"நீங்க வர்ற நாளாப் பாத்துத்தான் எமனும் வர்றான் சேர். ரெண்டு பேருக்கும் ஒரே பைக்கோ என்னமோ."

கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் கடன் பேச்சு எடுப்பதில்லை. லயத்து வழக்கம் அது. கம்பனிக்காரர்களும் அதை மட்டும் மீறுவதில்லை. வட்டிக்கு அஞ்சாதவர்களும் ஆவிக்கு அஞ்சுவார்கள்.

திறந்திருந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்தது. போர்வை கால்பக்கம் விலகியிருந்தது. பாப்பம்மா அழுதுகொண்டே அதை இழுத்துப் பாதங்களை மூடி, குதிகாலுக்கு அடியில் செருகிவிட்டாள். முப்பது வருடப் பழக்கம். கைக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

சசிக்குமார் அதைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் காசு கேக்க வரலக்கா. நல்ல சேதியோட வந்தேன். ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருந்தாங்களே, அரசாங்கத்தோட புதுச் சட்டம், பொம்பளைங்க எடுத்த கடனுக்கு நிவாரணம்னு. அது வந்துருச்சு."

அழுகை சட்டென்று நின்றது.

வட்டிக்கு உச்சவரம்பு, கடன் சீர்திருத்தம், பின்தங்கிய மக்களுக்கு நிவாரணம் என்று ரேடியோ மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரொட்டி தட்டும்போது கேட்டுக் கேட்டு, அது பாப்பம்மாவுக்கு வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டிருந்தது. சொல்லும் மழை இந்தப் பக்கம் பெய்ததே இல்லை.

"எவ்வளவு தம்பி கொறைப்பாங்க?" என்றாள்.

"கொறைக்கிறதா? மொத்தமும் தள்ளுபடிக்கா. முதலும் வட்டியும்." தோளில் தொங்கிய பையைத் தட்டிக் காட்டினான். சாவு வீட்டில் காகிதம் எடுப்பது மரியாதை இல்லை என்று நினைத்தான் போலும், ஜிப்பைத் திறக்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஃபோம்ல கையெழுத்து வைக்கணும். இன்னைக்குப் பன்னெண்டு மணியோட கடைசி."

"அக்கா மட்டும் வச்சா ஆகாதா?" நிரோஜா முந்திக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு பேரும் உசுரோட இருந்தாத்தான். சட்டம் அப்படி." சசிக்குமார் போர்வையைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "ஒரு ரெண்டு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம் மாமா."

பாப்பம்மாவும் போர்வையைப் பார்த்தாள். இந்த மனிதர் எந்தக் காரியத்தைத்தான் நேரத்துக்குச் செய்திருக்கிறார்? கலியாணத்தன்றே பஸ்ஸைத் தவறவிட்டு, முகூர்த்தம் முடிந்த பிறகு வந்து தாலி கட்டியவர்.

அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. இந்த அழுகைக்கு மாடு தேவைப்படவில்லை.

"மனசத் தேத்திக்கங்கக்கா. எழுதி வச்சது அவ்வளவுதான். நான் வர்றேன்."

சசிக்குமார் வாசற்படியில் உட்கார்ந்தான். ஒரு சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடியும் மெதுவாகக் கட்டினான்.

அவனுக்குப் பின்னால், போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"சேர், பேனா இருக்குங்களா?"

சசிக்குமார் திரும்பிப் பார்க்காமலே இரண்டாவது சப்பாத்தைக் கையில் எடுத்தான்.

"பேனா இருக்கு மாமா. ஃபோம்தான் இல்ல."