எட்டு மடங்கு வெளிச்சம்

சிவப்புக் கூறைச்சேலையும் நெற்றியில் காசளவு குங்குமமுமாக விஜயலெட்சுமி தேயிலை மேட்டில் நின்று முக்கால் மணி நேரமாகிவிட்டது. புருஷன் வீரசிங்கம் இன்னும் வானத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அவர். "போன்ல ஒரு தட்டு தட்டினா படம். ஃபிலிம் எதுக்கு மச்சான்?" என்று பூனாகலை மச்சினன் புவனேந்திரன் போன பொங்கலுக்கு நாலு பேர் முன்னால் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. முப்பதாவது கல்யாண நாள் படத்தால் அவன் வாயை அடைத்தே தீருவது என்றிருந்தார்.

கறுப்பு வெள்ளை ஃபிலிம். லென்ஸின் முன்னால் சிவப்புக் கண்ணாடி. அது நீலத்தைக் கறுக்கவைக்கும், சிவப்பை வெளுக்கவைக்கும், வெளிச்சத்தைத் தின்னும் என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களிடம் பேசும் குரலில் விளக்கினார்.

"அதனால மூணு ஸ்டொப் கூட்டணும். எட்டு மடங்கு வெளிச்சம்."

"அப்ப சிரிப்பும் எட்டு மடங்காங்க?"

அவளை மன்னித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

போன் வெளிச்சம் பட்டால் பேப்பர் கெட்டுவிடும் என்று இருவர் போனையும் அணைத்துவிட்டு, குளியலறையைப் பூட்டிக்கொண்டு படம் கழுவினார். வானம் கன்னங்கரேலென்று வந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் வேறெதையும் அவர் பார்க்கவில்லை; போன்களைத் திரும்பப் போடவும் மறந்துவிட்டார். மனைவி கேட்டதற்கு, சட்டம் போட்ட பிறகு காட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு பிரதியை உறையிலிட்டு அன்றே பஸ் கண்டக்டரிடம் கொடுத்து மச்சினனுக்கு அனுப்பினார். ஒரு வரிகூட எழுதவில்லை. நல்ல படத்துக்கு விளக்கம் எதற்கு?

மறுநாள் காலை வாசலில் வேன் வந்து நின்றது. புவனேந்திரனோடு பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள், எல்லோரும் வெள்ளை உடுப்பில். பாராட்ட இத்தனை பேரா என்று பூரித்த வீரசிங்கம், அவ்வளவு வெள்ளைக்கும் எத்தனை ஸ்டொப் கூட்டுவது என்று கணக்குப் பார்த்தபடி கமெராவும் கழுத்துமாக வெளியே வந்தார்.

புவனேந்திரன் வாயடைத்து நின்றான். வீரசிங்கத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

பின்னால் வந்த விஜயலெட்சுமி, தம்பியின் கையிலிருந்த படத்தை அப்போதுதான் பார்த்தாள். கறுத்த வானத்தின் கீழே தன்னந்தனியாக அவள். வெள்ளைச் சேலை. பொட்டில்லாத நெற்றி.

புவனேந்திரன் மெல்ல வேன் டிரைவர் பக்கம் குனிந்தான்.

"அஸ்ஹர், மலர்வளையத்தக் கடையில திருப்பி எடுப்பாங்களா?"