ஜிங்குவின் தலை

“தலையைக் கழட்டினியா, இல்லையா?”

மேனேஜர் வெற்றிச்செல்வன் மேசையைத் தட்டினார்.

“கழட்டினேன் சார்” என்றாள் லூர்துசெல்வி.

“எங்க வச்சு?”

“பொம்மைக் கடை வாசல்ல.”

“எத்தினி புள்ளைங்க இருந்துச்சு?”

“எண்ணலை சார். அம்பது இருக்கும்.”

திண்டிவனம் பைபாஸில் இருக்கும் அந்தத் தீம் பார்க்கில் ஜிங்கு என்றால் குழந்தைகளுக்கு உயிர். மஞ்சள் கரடி. எப்போதும் சிரித்த வாய். அந்த ஜிங்குவுக்குள் இரண்டு வருஷமாக வியர்த்துக்கொண்டிருப்பவள் லூர்துசெல்விதான். ராட்டினத்திலிருந்து இறங்கும் பிள்ளைகளைக் கைபிடித்து, ஆடிக் காட்டி, ஜிங்கு பொம்மை விற்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

விதிகள் இரண்டு. ஜிங்கு பேசக் கூடாது. ஜிங்கு தலையைக் கழட்டக் கூடாது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டத்தில், அவள் இரண்டையும் மீறிவிட்டாள்.

“ஜிங்கு செத்துப்போச்சுன்னு புள்ளைங்க கத்துதுங்க. வாங்கின பொம்மையைத் திருப்பிக் குடுக்க பெத்தவங்க வரிசையில நிக்கறாங்க. எனக்கு எவ்ளோ பேஜாரு தெரியுமா?”

செல்வி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏன் கழட்டினே?”

“வேர்த்துச்சு.”

“மே மாசம். எல்லாருக்கும்தான் வேர்க்குது!”

கடையில் பில் போடும் கிருஷ்ணவேணி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சார், அக்கா எதுக்குன்னா...”

“நீ போயி கடையைப் பாருடி” என்று செல்வி வெட்டினாள்.

வெற்றிச்செல்வன் குரலைத் தணித்துக்கொண்டார். ஆள் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை.

“இத பாரு செல்வி. ஒரே ஒரு வரி. ‘தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க’ன்னு எழுதிக் குடு. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்கே வேலைக்கு வா.”

“தப்பு பண்ணலியே சார். எப்படி எழுதறது?”

“ஜிங்குன்னா ஒரு மருவாதி இருக்குல்ல?”

செல்விக்குச் சிரிப்பு வந்தது.

“மொதல்ல பொம்மையை வாங்கி குடோன் நெறைய அடுக்கினீங்க. அது போணியாகலைன்னுதான அதே மாதிரி ஒரு சட்டை தைச்சு, உள்ள என்னைய வச்சீங்க? இதுல மருவாதி எங்க சார் வந்துச்சு?”

அவர் முகம் சிவந்துவிட்டது.

“திமிரு! மன்னிப்பு எழுதறதா இருந்தா எழுது. இல்லன்னா கெளம்பு.”

“கெளம்பறேன் சார்.”

தோளில் பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கிருஷ்ணவேணி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“ஏங்க்கா, ஒனக்கு என்னா பைத்தியமா? நான்தான் கடையில இருந்து எல்லாத்தையும் பாத்தேனே! பாவம், அந்தப் பாப்பாவுக்குக் காது கேக்காது. கூட்டத்துல அப்பாவை வுட்டுட்டு நிக்குது. மைக்ல கூப்புட்டுக்கினே இருக்காங்க, அதுக்கு என்னா தெரியும்? ஒவ்வொருத்தர் வாயா பாத்துக்கினு அழுவுது.”

“ஆமா. என் வாயையும் பாத்துச்சு. ஜிங்கு வாய் அசையாதே.”

“அதுக்குத்தான தலையைக் கழட்டினே? ஒன் மொகத்தைப் பாத்து, நீ மெதுவா பேசினப்புறம்தான அது ஒன் கையைப் புடிச்சிச்சு? அவங்கப்பா வர்ற வரைக்கும் வுடலியே!”

“நல்லா கெட்டியா புடிச்சிக்கிச்சு” என்றாள் செல்வி. இப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் இளகியது.

“இத சார்கிட்ட சொல்லியிருந்தா ஒன்னைத் தலைமேல தூக்கி வச்சிக்கினு ஆடியிருப்பாரேக்கா! இரு, நான் ஜல்தியா போயி சொல்லிட்டு வர்றேன்.”

செல்வி அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

“என்னையில்லடி. அந்தப் பாப்பாவ தூக்கி வச்சிருப்பாரு. பைபாஸ் போர்டு மேல.”

“என்னாக்கா சொல்ற?”

“போன வருசம் ஆஸ்பத்திரில இருந்து ஒரு கொழந்தையை இட்டுக்கினு வந்தாங்களே. மருந்து சாப்ட்டு சாப்ட்டு தலைமுடியெல்லாம் கொட்டிப்போயி. நான்தான் தூக்கி வச்சிருந்தேன். சிரிச்சிச்சு. அத போட்டோ புடிச்சு, ‘இந்தச் சிரிப்பு உங்கள் வீட்டிலும்! இன்றே வாங்குங்கள் ஜிங்கு பொம்மை’ன்னு ரோட்டோரம் பெரிசா வச்சாங்க.”

“ஆமா, அந்த போர்டு இன்னும் இருக்கே.”

“போர்டு இருக்கு. கொழந்தை பொங்கலுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுச்சு.”

கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எடுத்துடுங்க சார்னு நாலு தடவை கேட்டேன். நல்லா விக்குதுன்னாரு.”

விழுப்புரம் பஸ் தூரத்தில் தெரிந்தது. செல்வி கையைக் காட்டினாள்.

“அந்தச் செத்துப்போன கொழந்தையோட அம்மா தெனமும் இந்த பஸ்லதான் வேலைக்குப் போயி வருது கிருஷ்ணவேணி. போர்டு தெரியற பக்கம் சீட்டு காலியா இருந்தாலும் உக்காராது. நின்னுக்கினேதான் வரும்.”