யென்னின் கன்னம்

"இந்த மூஞ்சியைப் பாருங்க ஐயா! அப்பனைப் பறிகொடுத்தவன் மூஞ்சி மாதிரியா இருக்கு?" என்றான் குவோ.

அதிகாரி பெய் பார்த்தார். ஊர்க்காரர்கள் நாங்களும் பார்த்தோம். மலையடிவாரத்துக் கல்லறையோரக் குடிசை வாசலில், துக்கத்துக்கான சணல் உடுப்போடு உட்கார்ந்திருந்த யென்னின் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தது.

மழை பொய்த்து இரண்டாவது வருஷம். ஊரே எலும்பும் தோலுமாகத் திரிகிறது. செத்துப்போன அப்பாவுக்காக மூன்று வருஷம் துக்கம் காப்பவனுக்கு, நாளுக்கு ஒரு கிண்ணம் தினைக்கஞ்சிதான் முறை. அதைப் பக்கத்து வீட்டுக் குவோ தினமும் கொண்டுவந்து கல்மேல் வைத்துவிட்டுப் போவான். துக்கக் குடிசைக்குள் வேறு யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது.

"நான் ஊத்துற கஞ்சியில ஈ கூடக் கொழுக்காது ஐயா. இவன் உள்ளே கறி திங்கறான்."

"ஏம்ப்பா யென், கறி தின்னியா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி இப்படி ஊதினே? சொல்லு."

யென் வாயைத் திறந்தான். குவோவை ஒரு தடவை பார்த்தான். மூடிக்கொண்டான்.

பெய்க்கு முகம் செத்துவிட்டது. பாவம், அவர் வந்ததே யென்னுக்கு 'உத்தமப் பிள்ளை' பட்டம் கொடுத்து, அரசாங்க வேலைக்கு அழைத்துப் போகத்தான்.

"மனுஷன் பொறப்பிலேயே நல்லவன்னு பதினெட்டு வருஷமா ஊர் ஊரா வாதாடறேன். உன்னைக் காட்டி எல்லார் வாயையும் அடைக்கலாம்னு வந்தேன். என் வாயில மண்ணைப் போட்டுட்டியே!"

"பொறப்பிலேயே கோணல் ஐயா. அடிச்சாத்தான் நிமிரும்" என்றான் குவோ.

"நீ ஒருத்தனாவது முறை தெரிஞ்சவனா இருக்கியே. உங்கம்மா சௌக்கியமா?"

"மாமா வீட்டுல விட்டிருக்கேங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் நல்ல விளைச்சல்."

"நல்ல பிள்ளை" என்ற பெய், காவலாளிகள் பக்கம் திரும்பினார். "இவனுக்கு இருபது அடி."

மூங்கில் இறங்கியது. நாங்கள் எண்ணினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவே எண்ணினோம். ஐந்தாவது அடியில் யென் கவிழ்ந்தான். ஆறாவதுக்கு அசையவில்லை.

"நடிக்கிறான்" என்றான் குவோ.

பெய் குனிந்து அவன் கன்னத்தை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி எழும்பவே இல்லை.

"கொழுப்பு இல்லடா இது! பட்டினி கிடந்தா வர்ற வீக்கம். ஐயோ, மூச்சும் இல்லையே!" குவோ பக்கம் திரும்பினார். "அப்போ, நீ வச்ச கஞ்சியை இத்தனை நாளும் குடிச்சது யாரு?"

குவோ குடிசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து ஒரு கிழவி தவழ்ந்து வந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை போலும். எங்களில் யாரையும் பார்க்காமல், தரையைத் தடவித் தடவி யென்னிடம் போய்ச் சேர்ந்தாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காதோரம் குனிந்து கேட்டாள்:

"அடி தாங்காம, என்னை மலையில விட்டுட்டுப் போனது எம்புள்ள குவோதான்னு சொல்லிடலையே, தம்பி?"