மொத்தமாக வாங்கியவன்

"டீச்சர், நாப்பது புஸ்தகத்தையும் ஒரே ஆளு வாங்கிட்டுப் போயிட்டான்."

கடைக்கார இசக்கிராஜா போனில் சொன்னதும் ஷெர்லினுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பள்ளிக்கூட வேலை போக மீதி நேரத்தில் 'வாடைக்கடல்' என்ற பத்திரிகையை நடத்துகிறவள் அவள். எட்டு வருஷத்தில் ஒரே கடையில், ஒரே நாளில் நாற்பது பிரதி விற்றதே இல்லை. வேறு சமயமாக இருந்தால் கேசரி கிண்டியிருப்பாள்.

"யாரு அண்ணாச்சி, தெரிஞ்ச ஆளா?"

"ஹெல்மெட்ட கழட்டவே இல்ல. ஹார்பர் ரோட்டுக் கடைலயும் அவன்தான் அள்ளிட்டுப் போயிருக்கான். இத எழுதுன டீச்சர் வீடு எங்கன்னு வேற கேட்டான்."

"சொல்லிட்டியளா?"

"பின்ன? வாசகர்னுல்லா நெனச்சேன்."

வம்பு இந்த இதழின் ஒரு கட்டுரையால் வந்தது. தருவைகுளத்துப் பையன் பவுல் நடுக்கடலில் விழுந்து செத்தது விதியால் அல்ல, படகில் ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லாததால் என்று படகு முதலாளி பெயரைப் போட்டே எழுதியிருந்தாள். வெப்சைட்டிலும் ஏற்றியிருந்தாள். இன்று காலை ஏழு மணிக்கு ஒரு போன்.

"அந்தக் கட்டுரைய எடுத்துருங்க டீச்சர். இல்லன்னா உங்களுக்கு நல்லாருக்காது."

அந்தக் குரலின் மரியாதைதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

விஷயம் கேட்டதும் கணவன் ரோச் ஓடிப் போய்க் கதவைத் தாழிட்டான்.

"பூரா வாங்கி எரிக்கத்தான் கொண்டு போறான். அடுத்து நம்மள எரிப்பான். ஏளா, காயிதத்துக்கெல்லாம் காலம் முடிஞ்சு போச்சுன்னு நான் அப்பவே சொன்னேம்லா?"

"அதான் கடைசி அச்சு இதழ்னு அட்டையிலயே போட்டாச்சே. அடுத்ததுலேருந்து போன்ல மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. போன்ல எழுதுனதுக்கு ஒருத்தனும் கடை கடையா அலைய மாட்டான், வீட்டையும் தேட மாட்டான்."

வாசலில் பைக் வந்து நின்றது.

ஷெர்லின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹெல்மெட். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய பத்திரிகைக் கட்டு. ரோச் அருவாமனையைத் தூக்கினான். வந்தவன் உயரத்தைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிட்டான்.

"டீச்சர், நான் ஆன்டனி. செத்துப்போன பவுலோட அண்ணன்."

கதவைத் திறக்க ஷெர்லினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னும் காப்பி கிடைக்குமா டீச்சர்? நாளைக்கு பன்னெண்டு மீன்பிடி போட்டு தங்குகடலுக்குப் போகுது. போனா பதினஞ்சு நாளு. அங்கன டவர் கிடையாது, கையில கிடைச்சத எல்லாரும் வாசிப்பானுவ. வாசிச்சா, ஜாக்கெட் தராத போட்டுல இனிமே ஏற மாட்டோம்னு நாலு பேராவது சொல்லுவானுவ. அட்டையில கடைசின்னு போட்டிருக்கியளே, அதை மட்டும் செஞ்சிராதிய."

ரோச்சுக்கு உயிர் திரும்பி வந்தது. உடனே அறிவுரையும் வந்தது.

"இதுக்குப் போயி இம்புட்டுத் துட்ட செலவழிக்கணுமாப்பா? போன்ல எறக்கிக் கொண்டு போயிருக்கலாமே."

"மொதல்ல அதத்தான் அண்ணே செய்யப் பாத்தேன். காலைல எட்டு மணிக்குத் தேடுனா, கட்டுரையவே காணோம். முதலாளி ஆளு வச்சு அழிச்சிட்டான் போல. கடைல இருக்குற புஸ்தகமும் காணாமப் போறதுக்கு முன்னால வாங்கிரணும்னு ஓடுனேன்." அவன் ஷெர்லினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "எங்க ஊர்லயே ஒருத்தரும் வாயத் திறக்கல. நீங்க ஒருத்திதான் பயப்படாம எழுதுனிய."

ஷெர்லினால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏழு மணிக்கு அந்த மிரட்டல் வந்தது. ஏழு ஐந்துக்குக் கட்டுரையை அழித்தது அவள்தான்.